பாக்க விட்டால் காணும்

1

போன கிழமை பேசாலையிலிருந்து அக்கா ஃபோன் எடுத்தா. என் பெரியம்மாவின் மகள். டீசல் விலை, மீன் விலை, புதிதாக வந்த பங்குத் தந்தையின் பிரசங்கம் முடிவதே இல்லை என்பது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வழக்கமாகக் கடைசியில் கேட்கிற கேள்விக்கு வந்தா.

"அது சரி தம்பி, பிள்ளையை இப்ப ஆர் பாக்கிறது?"

"ஞாயிறு பின்னேரத்திலயிருந்து திங்கள் காலமை வரைக்கும் நான் பாக்கிறன். மற்ற நாளில தாய்."

"ஒரு ராவோ? அதென்னடா, வாச்சர் உத்தியோகமோ?"

அக்கா சிரித்தா. நானும் சிரித்தேன். அந்த ஒரு இரவு எப்படிக் கிடைத்தது என்று ஃபோனில் சொல்லத் தொடங்கினால் அவவின் அடுப்பில் இருப்பது கருகிவிடும். அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டில் பிரிந்தவர்கள் பிள்ளையைத் துண்டு போட்டுப் பங்கு பிரிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பிள்ளையை ஒருவரும் வெட்டுவதில்லை. கிழமையின் ஏழு நாளைத்தான் வெட்டுகிறார்கள். எனக்கு அதில் எந்தத் துண்டு வந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு.

2

நான் ஒரு இடத்தில் தரித்து நின்ற ஆள் இல்லை. சின்ன வயதில் வள்ளத்தில் இந்தியாவுக்கு, அங்கே முகாம், பிறகு மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவல், பிறகு படகு, பிறகு சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாம். வெளியே விட்ட பிறகும் கால் நிற்கவில்லை. திராட்சைக்கு ஒரு ஊர், தோடம்பழத்துக்கு ஒரு ஊர், மாம்பழத்துக்கு வடக்கே. கிடைத்த இடத்தில் படுத்தேன். அது கஷ்டம் என்று அப்போது தோன்றவில்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான்.

ஜெனிற்றாவைச் சிட்னியில் தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் கண்டேன். மன்னார்தான், தமக்கையோடு வந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. கட்டினோம், மெலனி பிறந்தாள். நான் பழம் பிடுங்கப் போனால் மூன்று மாதம் வரமாட்டேன். திரும்பி வரும்போது வீட்டில் நான் செய்வதற்கென்று ஒரு வேலையும் மிச்சம் இருக்காது. பல்பு மாற்றக்கூட அவள் பழகிவிட்டாள். மெலனிக்கு ஆறு வயதில் பிரிந்தோம். பெரிய கதை ஒன்றும் இல்லை.

ஊரில் பிள்ளைச் செலவுக்குத் தாபரிப்பு வழக்கு என்றால் தகப்பன் ஒளிவதும் தாய் தேடுவதும்தான். இங்கே ஒளிய இடமில்லை. சம்பளம் கைக்கு வர முன்னமே பிள்ளையின் பங்கு போய்விடும். அந்த நேரம் நான் தோட்டங்களை விட்டுவிட்டு நிலத்துக்கு டைல்ஸ் பதிக்கிற வேலைக்கு வந்திருந்தேன். ஹரிஸ் பார்க்கில் ஐந்து ஆண்கள் இருந்த வீட்டில் ஒரு அறை. பக்கத்துக் கட்டில் சூசை. என்னோடு எல்லாத் தோட்டத்திலும் பழம் பிடுங்கியவன். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும்.

"மச்சான், கையில காசு தாற வேலைக்கு மாறு. பதிவில சம்பளம் இல்லையெண்டால் ஆர் வெட்டுறது?"

"அது பிள்ளையின்ர சாப்பாட்டுக் காசடா."

"அப்ப நீ தின்னாதை" என்றுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

எனக்குக் காசு பிரச்சினையாக இருக்கவில்லை. பிள்ளை எனக்குப் பழக்கம் விட்டுப் போகிறாள் என்பதுதான் பிரச்சினை. ஃபோனில் நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் வரும். பிறகு அதுவும் வராமல் தலை மட்டும் ஆட்டுவாள். ஃபோனில் தலையாட்டினால் நான் என்ன செய்வது?

3

பரமட்டாவில் ரயிலடிக்குக் கிட்ட ஒரு மாடிக் கட்டடம். ஊரில் வேலிச் சண்டைக்கும் ஆடு பயிர் தின்றதற்கும் மத்தியஸ்த சபைக்குப் போவோம். இங்கே பிள்ளைக்குப் போகிறார்கள். கோர்ட்டுக்கு முன் இங்கே இருந்து கதைத்துப் பார்க்க வேண்டும். ஜெனிற்றா ஒரு அறையில், நான் அடுத்த அறையில். ஒரே அறையில் விட்டால் சத்தம் போடுவோம் என்று அவள் முதலே சொல்லியிருந்தாள். உண்மைதான். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு வெள்ளைக்கார மனிசி, மத்தியஸ்தம் செய்கிறவ, இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்தா.

ஜெனிற்றாவுக்கு இங்கிலிஷ் நல்லாய் வரும். எனக்கு சீமெந்து, லெவல், தேத்தண்ணி இடைவேளைக்கு ஸ்மோக்கோ, அது வரைக்கும்தான் வரும். ஆகவே எனக்கு ஃபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தந்தார்கள். தமிழ்நாட்டுத் தம்பி. நல்ல மரியாதை.

"வணக்கம் சார். நீங்க சொல்றதை அப்படியே சொல்லிடுவேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் சார்."

அந்த மனிசி கேட்டா, உங்களுக்கு எப்படியான ஏற்பாடு வேண்டும் என்று. நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன்.

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். பிள்ளையைப் பாக்க விட்டால் எனக்குக் காணும்."

தம்பி திருப்பிக் கேட்டார். "பார்க்கணும். அவ்வளவுதானே சார்?"

"ஓம். அவ்வளவுதான்."

அவர் இங்கிலிஷில் சொன்னார். அதில் 'சீ' என்ற சொல் எனக்குப் பிடிபட்டது. 'சீ' என்றால் பார்க்கிறது. சரிதானே. நானும் உற்சாகமாக, "யெஸ், யெஸ், சீ" என்றேன். மனிசி எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனா.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை பாக்கிறது என்றால் குளிக்க வார்க்கிறது, சோறு தீத்துகிறது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அப்பாவை ஆர் பாத்தது என்று கேட்டால், எட்டிப் பார்த்தவர்களின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அதற்கு 'பார்த்துக்கிறது' என்று வேறு சொல் இருக்கிறது. எங்கள் 'காணும்' அவர்களுக்குப் 'போதும்'. அந்தத் தம்பியின் காதில் என் வசனத்தில் பார்க்கிறதும் காண்கிறதும்தான் விழுந்திருக்கிறது. தன் பிள்ளையைக் கண்ணால் பார்க்கக் கேட்கிற ஒரு பாவப்பட்ட மனிதன். அவருடைய தமிழில் அவர் சொன்னது சரி. என் தமிழில் நான் சொன்னது சரி.

இதெல்லாம் பிறகு விளங்கினது. அன்றைக்குச் சனிக்கிழமை காலையிலிருந்து பின்னேரம் வரை என்று எழுதி வந்தது. இரவு இல்லை. தொடக்கத்துக்கு இவ்வளவுதான் தருவார்கள் போல என்று நினைத்து ஒப்பம் வைத்தேன்.

4

சனிக்கிழமை அப்பாமாரை எனக்கு இப்போது தூரத்திலேயே தெரியும். முதுகில் பிள்ளையின் பை, கையில் பிள்ளையின் ஜக்கெற், போவதற்கு ஒரு இடமும் இல்லாத நடை. பரமட்டாக் கடைத்தொகுதியின் சாப்பாட்டுக் கதிரைகளில் மழை நாட்களில் எங்களைக் காணலாம். ஒரு லெபனான்காரர் தன் இரண்டு பெடியன்களோடு எப்போதும் தூணுக்குப் பக்கத்து மேசையில் இருப்பார். நாங்கள் கதைத்ததில்லை. புருவத்தை உயர்த்துவோம், அவ்வளவுதான்.

ஐந்து ஆண்கள் இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோக ஏலாது என்று ஏற்பாட்டில் இருந்தது. ஆகவே ஆற்றங்கரை, பூங்கா, நூலகம், ஹரிஸ் பார்க்கில் ஜிலேபி. ஜிலேபி ஒட்டின கையைக் கழுவக்கூட எங்களுக்கென்று ஒரு குழாய் இல்லை. தண்ணீர்ப் போத்தலைச் சரித்துத் தெருவோரத்தில் கழுவிவிடுவேன். மெலனி சுற்றிப் பார்த்து வெட்கப்படுவாள்.

பின்னேரம் ரயிலடியில் ஜெனிற்றா வந்து நிற்பாள். பிரிந்த பிறகு அவள் என்னை 'நீங்கள்' என்றும் சொல்வதில்லை, 'நீ' என்றும் சொல்வதில்லை. தமிழில் அப்படி ஆளே இல்லாமல் கதைக்கலாம். பையை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பாள்.

"வடிவாப் பாத்து முடிஞ்சுதோ?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். "ஓம், வடிவாப் பாத்தனான்."

அவளுடைய முகம் இன்னும் கறுக்கும். மெலனியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறுவாள். வெயிலில் சாப்பாடு கொடுத்து, மூத்திரத்துக்குக் கொண்டுபோய், சப்பாத்து நூல் கட்டி, இவ்வளவும் செய்தவனிடம் இந்தக் கோபம் எதற்கு என்று எனக்கு விளங்காது. சூசையிடம் கேட்டேன்.

"பாத்தனீயோ எண்டு கேக்கிறாள், பாத்தனான் எண்டுறாய். பிறகேனடா கோபம்?" என்று அவனும் தலையைச் சொறிந்தான். "பொம்பிளையள் கேள்வி கேட்டால் பதில் சொல்லாதை மச்சான். அதுதான் பிழை."

5

இங்கே வசந்தம் தொடங்க ஒரு பறவை ஆட்களைக் கொத்தும். காகம் அளவு, கறுப்பும் வெள்ளையும். கூட்டில் குஞ்சு இருந்தால் பின்னால் வந்து தலையில் அடிக்கும். மக்பை என்பார்கள். ஊரில் எறிகணைக்குப் படுத்திருக்கிறேன், இப்படி ஒன்றுக்குப் படுத்தது இங்கேதான். அந்தச் சனிக்கிழமை பூங்காவில் அது மெலனியின் காது மேல் கொத்திவிட்டது. சின்னக் காயம், ஆனால் இரத்தம் கழுத்து வரை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டொக்டரிடம் ஓடினேன். டொக்டர் காசுக்கு மெடிக்கெயார் அட்டை கேட்டார்கள். அது தாயிடம். அவளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

ஜெனிற்றா வேலை உடுப்போடு வந்தாள். காயத்தைப் பார்த்தாள், பஞ்சு ஒட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னிடம் திரும்பினாள்.

"என்ன செய்துகொண்டு நிண்டது?"

"பக்கத்திலதான் நிண்டனான். அது பின்னால வந்தது."

"பின்ன என்ன, நிண்டு பாத்ததுதானே. பாத்தால் காணும் எண்ட ஆளுக்கு டொக்டர் எதுக்கு?"

"ஆர் சொன்னது பாத்தால் காணும் எண்டு?"

"நீங்கள்தான் சொன்னனீங்கள்!"

கோபத்தில் 'நீங்கள்' திரும்பி வந்துவிட்டது. காத்திருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குரலைக் குறைத்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

"அந்த மனிசி என்ர அறைக்கு வந்து சொன்னவ. அவர் பிள்ளையைக் கண்ணால கண்டால் போதும் எண்டுறார், வேற ஒண்டும் கேக்கேல்லை எண்டு. நான் அண்டைக்கு என்ன கேக்க எண்டு வந்து இருந்தனான் தெரியுமோ? ஞாயிறு இரவில எனக்கு டியூட்டி. அந்த ஒரு இரவு அவர் பிள்ளையைப் பாப்பாரோ எண்டு கேக்க இருந்தனான். கண்ணால கண்டால் போதும் எண்டுறவரிட்ட என்னத்தைக் கேக்கிறது? மிருகக்காட்சிச்சாலைக்கு வாற மாதிரி வந்து பாத்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டன்."

"ஜெனிற்றா, நான் அதைத்தான் கேட்டனான். பிள்ளையைப் பாக்க விட்டால் எனக்குக் காணும் எண்டு."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நான் சொன்னதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் மன்னார்த் தமிழில் சொன்னது, அந்தப் பக்கம் மன்னாரில் பிறந்தவளுக்கு இங்கிலிஷில் போயிருக்கிறது. சுவரில் தட்டிச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

"இவ்வளவு நாளும் ஞாயிறு இரவு பிள்ளை எங்க படுத்தவள்?" என்று கேட்டேன்.

"ஒரு அன்ரியிட்ட. சோஃபாவில."

மெலனி பஞ்சைத் தடவிக்கொண்டு இருவரையும் பார்த்து, "ஆர் யூ கைஸ் ஃபைற்றிங்?" என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம்.

6

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். ஜெனிற்றா அப்படி இளகுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து ஃபோன் எடுத்தாள்.

"கேட்டது விளங்கினது. எங்க வைச்சுப் பாக்கிறது? அந்த அஞ்சு ஆம்பிளையளுக்கு நடுவிலயோ?"

நியாயமான கேள்வி. வீடு தேடினேன். வீட்டு முகவர்கள் முன்பு இருந்த இடங்களைக் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து, முழங்காலில் சீமெந்தோடு போய் நின்றேன். ஒருவர் இல்லையென்றால் அடுத்தவர். கடைசியில் வென்ற்வேத்வில்லில் ஒரு சீனக் கிழவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டைத் தர ஒப்புக்கொண்டார். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, எலுமிச்சை மரம். அவருடைய குளியலறை டைல்ஸ் வெடித்திருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்குப் பிடித்துப் போயிருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம், இடையில் விட்டுப் போக ஏலாது.

சூசை அந்தப் பத்திரத்தை விரித்துப் பார்த்தான். "ஒரு வருசம் வெளிய போக ஏலாதோ? வில்லாவுட் பரவாயில்லை மச்சான், அங்க வாடகை கேக்கேல்லை."

ஒப்பம் வைத்தேன். ஒரு கட்டில் வாங்கினேன், அவளுக்கு. எனக்குத் தரையில் பாய் போதும். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பாரமான சாமான் அந்தக் கட்டில். கழற்றிப் பையில் வைக்க ஏலாது.

இரண்டாம் முறை மத்தியஸ்தத்துக்குப் போனபோது ஜெனிற்றா ஒரே அறையில் இருக்கச் சம்மதித்தாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மனிசி கேட்டா. முதல் வசனத்தை நானே சொல்கிறேன் என்றேன். வேலையிடத்தில் முதலாளியிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தது. 'லுக்' என்றால் பார்க்கிறது. பின்னால் ஒரு 'ஆஃப்டர்' போட்டால்தான் பிள்ளையைப் பார்க்கிறது. ஒரு தகப்பனின் முழு வேலையையும் இங்கிலிஷ்காரன் அந்த வாலில் கட்டி வைத்திருக்கிறான்.

"நொட் லுக்," என்றேன். "லுக் ஆஃப்டர்."

மனிசி எழுதினா. ஆனால் கேள்வி கேட்டது ஜெனிற்றா, தமிழில்.

"இரவு கேக்கிறது தாபரிப்புக் காசு குறையும் எண்டோ?"

"குறைஞ்சால் அது கட்டிலுக்குப் போகும். மெத்தை இன்னும் வாங்கேல்லை."

"காய்ச்சல் எண்டால் என்ன செய்யிறது?"

"மருந்து குடுத்து, உனக்கு ஃபோன் எடுத்துச் சொல்லி, விடியும்வரை பக்கத்தில இருக்கிறது."

"தலையில பேன் இருக்கு. மூண்டாம் வகுப்பில எல்லாருக்கும் இருக்கு."

"சீப்பு வாங்கிறன்."

"இரவுச் சாப்பாடு?"

"சோறும் மீன் குழம்பும்."

"அவள் மீன் தின்னமாட்டாள்."

"எப்ப இருந்து?"

"வகுப்பில வளத்த மீன் செத்த நாளில இருந்து."

எனக்கு அது தெரியாது. அந்த மீனுக்குப் பெயர் இருந்திருக்கும், மெலனி அழுதிருப்பாள், ஆரோ கண்ணைத் துடைத்திருப்பார்கள். நான் அப்போது அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்துக்கொண்டு இருந்தேன். சொன்னேன்: "அப்ப பருப்பு. முட்டை. நீ சொல்லு, நான் பழகிறன். எனக்கு இது சனிக்கிழமை விளையாட்டு இல்லை, ஜெனிற்றா. அவள் எழும்பேக்க நான் அங்க இருக்கோணும்."

மனிசி மெதுவாகக் கேட்டா, இது ஏற்பாட்டைப் பற்றிய பேச்சுத்தானா என்று. ஜெனிற்றா என்னைப் பார்த்தபடியே, "யெஸ்" என்றாள். பிறகு, சனிக்கிழமைக்குப் பதிலாக ஞாயிறு பின்னேரம் எத்தனை மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள் என்று சொன்னாள்.

7

முதல் ஞாயிறு மெலனி தன் தலையணையோடு வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள், அலுமாரியைத் திறந்து மூடினாள், வைஃபை இல்லை என்பதை அறிந்து பெருமூச்சு விட்டாள். பேன் சீப்பை எடுத்ததும் கத்தினாள். அரைவாசித் தலையில் இருவரும் களைத்து நிறுத்தினோம். பருப்பில் உப்பு இல்லை என்று இங்கிலிஷில் சொன்னாள். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். "இற்ஸ் ஓகே, அப்பா" என்றாள். இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம் இல்லை.

அக்கா கேட்டது போல வாச்சர் உத்தியோகம்தான் ஒரு வகையில். ஆனால் இதற்கு லீவு இல்லை, நான் கேட்கவும் போவதில்லை. அடுத்த வருடம் பள்ளி விடுமுறையில் ஒரு கிழமை முழுக்கக் கேட்கப் போகிறேன். தராவிட்டால் அதற்கடுத்த வருடமும் கேட்பேன். முதலாளியிடம் சொல்லித் திங்கட்கிழமைகளில் பிந்தி வர அனுமதி வாங்கிவிட்டேன். முறைத்தார், ஆனால் தந்தார்.

இன்று திங்கட்கிழமை. வாசலைப் பூட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அரைத் தெரு நடந்த பிறகு மெலனி நின்றுவிட்டாள். தொப்பி இல்லை. "நோ ஹற், நோ ப்ளே" என்றாள். தொப்பி இல்லாவிட்டால் இடைவேளையில் வெயிலில் விளையாட விடமாட்டார்களாம். திரும்பி ஓடி எடுத்து வந்தேன். மூச்சு வாங்கும்போது ஃபோன் அடித்தது. சூசை. வடக்கே போய்விட்டான்.

"மச்சான், மாங்காய் தொடங்கீற்று. காசு கொட்டுது. ஞாயிறு வெளிக்கிடு."

"ஞாயிறு ஏலாது."

"அப்ப திங்கள் வா."

"திங்கள் காலமை பள்ளிக்கூடம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"விசரா, எந்த வகுப்படா?"

"மூண்டாம் வகுப்பு" என்றேன். "பிந்துது, வை."